அவன் யாரைப் பார்க்கிறான்

‘இந்த மனிதருக்குப் படம் பார்க்கத் தெரியாது. இருபது வருடமாகப் பீடத்தில் நின்று பூசை வைக்கிறார்; ஒரு குழந்தையின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று இன்னும் தெரியவில்லை.’

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குள் ஓடியது இதுதான், சாமி. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு சின்னப் பிழை, அவ்வளவுதான். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். தவக்காலம் முடிவதற்குள் பாவசங்கீர்த்தனமும் செய்து மன்னிப்பு வாங்கியாக வேண்டும். இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? இடப்பக்கப் பீடத்துப் படத்தில் மாதா குனிந்து குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தையோ மாதாவைப் பார்க்கவில்லை. தாய்மடியின் சுகத்தை விட்டுவிட்டுப் படத்துக்கு வெளியே, பாவிகளாகிய நம்மைத் தேடுகிறது. இதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. முன்னால் நின்ற கம்பளிக்காரர் மனைவி முக்காட்டின் முனையால் கண்ணைத் துடைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் துடைத்தாள். நம் ஊரில் அழுகை கொட்டாவி மாதிரிதான் பரவும்.

அந்தக் குழந்தை பாவிகள் யாரையும் தேடவில்லை. அவன் பார்த்தது எங்கள் வீட்டு அடிமைப்பெண் மார்த்தாவை. ஓவியருக்குப் பின்னால், ஜன்னல் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். எனக்குத் தெரியும். என் மடியில்தான் அவன் இருந்தான்.

அந்த மாதாவுக்கு என் முகம் என்பது தெருவுக்கே தெரியும். பட்டு வியாபாரி பிந்தாச்சோவின் மனைவி நிக்கொலோசா, கல்யாணமாகி ஒன்பது வருடம் வயிறு திறக்காதவள். ஃப்ளோரன்சில் இப்படிப்பட்டவளுக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மருத்துவர் முயலின் கருப்பையை உலர்த்திப் பொடித்து ஒயினில் குடிக்கச் சொன்னார். என் கணவரின் அக்கா ஜெபம் எழுதிய வார் ஒன்றைக் கொடுத்து, மூன்று ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். மூன்று ஏழைகளும் நன்றாகச் சாப்பிட்டார்கள். நீங்கள் படம் சொன்னீர்கள். ஒரு பெண்ணின் கண் எதில் பதிகிறதோ அதுவே வயிற்றிலும் பதியும். படுக்கையறையில் மாதாவும் குழந்தையும் அழகாக இருக்கட்டும், தினமும் பார்க்கட்டும் என்று என் கணவரிடம் சொன்னது நீங்கள்தான். மறந்திருப்பீர்கள். பலருக்கும் சொல்வீர்கள்.

பார்த்துக்கொண்டிருக்க என்னிடம் முன்பே ஒருவர் இருந்தார். எல்லாப் பெண்களுக்கும் கல்யாணச் சீரோடு வருவது போல எனக்கும் ஒரு மரக் குழந்தை இயேசு வந்திருந்தார். முத்து வைத்த சட்டை, சரிகைத் தொப்பி. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவரைக் குளிப்பாட்டி, புதுத் துணி போட்டு, தொட்டிலில் ஆட்டினேன். சிரிக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். மடியில் வைத்தால் அந்தப் பொம்மை என்னைத்தான் பார்க்கும். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் வேறு யாரையும் பார்த்ததில்லை. அதைச் செதுக்கியவனுக்கு மடி என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

படத்துக்குச் சொல்லியனுப்பிய அதே வருடம் எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தது. எனக்கல்ல, மார்த்தாவுக்கு.

மார்த்தா என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். கருங்கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். அகன்ற கன்னம், சிறிய கண், நல்ல பல். முந்திய பெயரை நான் கேட்கவில்லை. வாங்கிய குதிரையின் பழைய பெயரை யாரும் கேட்பதில்லை. அப்பா யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. குழந்தையின் மூக்கைப் பார்த்ததும் என் பழைய வேலைக்காரி தெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்படியே உரிச்சு வச்சிருக்கும்மா” என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாதாவோட கிருபைய” என்று முடித்தாள்.

என் கணவர் மூன்று நாள் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் சூப் குடித்தார். நான்காம் நாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

“நிக்கொலோசா, இது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். பிள்ளைய அநாதை இல்லத்துல விட்டுடலாம். அவ பாலு வீணாப் போக வேணாம். என் கூட்டாளி வீட்டுல புதுசாப் பிள்ளை பிறந்திருக்கு, அங்க அனுப்பிடலாம். உன் கண்ணுலயே படமாட்டா.”

நம் ஊரில் கண்ணியமான வீடுகளில் அப்படித்தான் செய்வார்கள். அவள் பிள்ளை ஒரு பக்கம், அவள் பால் ஒரு பக்கம். அவர் அதைச் சொன்ன விதம், பழைய மேசையை எந்த அறைக்கு மாற்றலாம் என்று கேட்பது போல இருந்தது.

“படம் முடியற வரைக்கும் இருக்கட்டும்” என்றேன். “ஓவியருக்கு எப்படியும் ஒரு பிள்ளை வேணும். வெளியில தேடுவானேன்?”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ புண்ணியவதி. ஆத்திரப்படுவேன்னு பயந்துட்டே இருந்தேன்.”

அந்த வாரமே நான் புண்ணியவதி என்பது சந்தை வரை பரவியது. நீங்களும் என்னைப் பாராட்டினீர்கள், இதே தூணுக்குப் பக்கத்தில். ஒருத்தி சத்தம் போடாவிட்டால் அவளுக்குள் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறீர்கள். எனக்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒன்றும் இல்லாமல் இல்லை.

ஓவியர் பெயர் கோரோ. நல்ல வேலைக்காரர். நிறத்தை முட்டைக் கருவில் குழைப்பவர், உடம்பெல்லாம் முட்டை நாற்றம். வந்த முதல் நாளே அடுப்படியில் போய் முட்டைக் கூடையைக் கிளறினார்.

“பட்டணத்துக் கோழி முட்டை எங்கம்மா? இதெல்லாம் பட்டிக்காட்டு முட்டை, கரு ரொம்பச் செவப்பு. கிழட்டு அப்போஸ்தலர் மூஞ்சிக்குத்தான் இது சரி. உங்களுக்கு இதுல கலந்தா, மாதா வயக்காட்டுலேர்ந்து வந்தவ மாதிரி ஆயிடுவா.”

என் முகத்துக்கென்று வெளிர் மஞ்சள் கருவாகத் தேடி வாங்கினோம். நீலம் கடல் கடந்து வந்தது. இவ்வளவும் செய்த பிறகு குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். அப்போது அவனுக்கு நான்கு மாதம். சுற்றுத்துணியைப் பிரிக்க மார்த்தா தயங்கினாள், கால் கோணிவிடும் என்று. கோரோ அவளைத் திட்டிவிட்டு, தானே வாங்கிப் பிரித்தார். கையும் காலும் விடுபட்டதும் அவன் ஒரு முறை சிலிர்த்தான். பிறகு என் மடியில் கனத்தான். மரத்துக்கு அந்தக் கனம் இல்லை, சாமி. சூடான ரொட்டியை மடியில் வைத்தது போல இருந்தது. ஒன்பது வருடமாக நான் எதைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. குனிந்து அவனைப் பார்த்தேன். கோரோ அந்தப் பார்வையைத்தான் வரைந்திருக்கிறார். அதில் பொய் இல்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மார்த்தாவைப் பார்த்தான். அவள் இடப்பக்கம் நகர்ந்தால் அவனும் இடப்பக்கம். வலப்பக்கம் போனால் அவனும் அங்கே. கோரோவுக்கு எரிச்சலாகி அவளை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் அவன் வீரிட்டான். என்னென்னவோ செய்து பார்த்தேன். சரிகை நூலை ஆட்டினேன், ஜெபமாலையைக் காட்டினேன், மூத்தவர்களிடம் கேட்டிருந்த தாலாட்டையெல்லாம் பாடினேன். என் மார்பில் முகத்தை வைத்துத் தேடினான். அங்கே பட்டுதான் இருந்தது. இன்னும் பெரிதாக அழுதான். கதவைத் திறந்தபோது மார்த்தா அங்கேயே நின்றிருந்தாள். அவள் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் வட்டமாக நனைந்திருந்தது. பிள்ளை அழுத சத்தத்துக்கே அப்படி. கோரோ பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏ பொண்ணு, உள்ள வா. எனக்குப் பின்னாடி, அந்த ஜன்னல்கிட்ட நில்லு. அங்கதான். அசையாத. இனிமே நீதான் இந்தப் படத்துக்கு மெழுகுவத்தி.”

அப்படித்தான் அந்தப் பார்வை கிடைத்தது. முப்பத்தேழு நாள், காலை வெளிச்சத்தில். நான் அவனைப் பார்ப்பேன். அவன் அவளைப் பார்ப்பான். அவள் தரையைப் பார்ப்பாள். எப்போதாவது அவள் நிமிர்ந்தால் அவன் கால் இரண்டையும் உதைத்துக்கொள்வான், அந்த உதை என் வயிற்றில் விழும். என் வயிற்றில் குழந்தை உதைத்தது என்றால் அது அவ்வளவுதான், வெளியிலிருந்து.

ஒரு நாள் நான் கோரோவிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். “அவன் என்னைப் பாக்கற மாதிரி வரைய முடியாதா?”

“ஏன் முடியாது? கண்ணுமணிய ஒரு மயிரிழை தள்ளி வச்சாப் போதும்.”

“அப்ப வச்சிடுங்க.”

“வச்சேன்னா அது உங்க பெட்டியில இருக்கற மரப்பொம்மை ஆயிடும்மா. பிள்ளையா இருக்காது.” தூரிகையை வாயில் வைத்து முனையைக் கூராக்கிக்கொண்டார். “எதுக்கு மனசு கஷ்டப்படறீங்க? நீங்க அவனப் பாக்கறீங்க, அவன் ஊரப் பாக்கறான். ஆம்பளப் பிள்ளையப் பெத்த எல்லாருக்கும் அதே கதிதான்.”

பெற்றவள் என்று என்னைச் சொன்னார். வாய் தவறித்தான். பின்னால் நின்றவள் அதைக் கேட்டுத் தலை நிமிரவில்லை. அவளுக்கு நம் பேச்சு பாதிதான் புரியும். ஆனால் எனக்கு முழுதாகப் புரிந்தது. படத்தில் நான்தான் தாய். அழியாத நிறத்தில், தங்கப் பின்னணியில் எழுதியாகிவிட்டது. அப்படியிருக்க ஜன்னல் ஓரமாக இன்னொருத்தி எதற்கு என்று யோசித்தேன். இதை யோசித்ததில் தவறில்லை என்றே இன்றும் படுகிறது.

படம் முடிந்து சுவரில் ஏறியது. எல்லோரும் பார்க்க வந்தார்கள், அத்திப்பழம் சாப்பிட்டார்கள், குழந்தையின் கண்ணைப் புகழ்ந்தார்கள். “என்னையே பாக்கற மாதிரி இருக்கு” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். மனிதர்களுக்குத் தங்களைப் பற்றி இருக்கும் எண்ணத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்தப் பார்வை எல்லோரையும் பார்க்காது, சாமி. ஏழடி தள்ளி, கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரே ஓர் இடம் இருக்கிறது. வேறு எங்கே நின்றாலும் அது உங்களைத் தாண்டித்தான் போகும். நீங்கள் பிரசங்கம் செய்யும் இடத்திலிருந்து பார்த்தால் உங்கள் காதுக்குப் பக்கத்தால் போகிறது.

கோடையில் என் கணவர் சரக்கோடு லியோனுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் பழைய பேச்சை எடுத்தார், குழந்தையை இல்லத்துக்கும் அவளைக் கூட்டாளி வீட்டுக்கும் அனுப்புவது பற்றி. குழந்தை இருக்கட்டும், நான் வளர்க்கிறேன், அவளை மட்டும் வெளியூருக்கு விற்றுவிடலாம், ஏற்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கண்கலங்கினார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. பிறகும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

தரகர் ஒரு காலைநேரத்தில் கோவேறு கழுதையோடு வந்து நின்றார். விற்றாகிவிட்டது என்று மார்த்தாவிடம் சொன்னால் கூச்சல் போடுவாள் என்பதால், ஒரு பெரிய வீட்டில் பால் கொடுக்கப் போகிறாய், கிறிஸ்துமசுக்குத் திரும்பி வரலாம் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கவில்லை. அவள் குழந்தையைத் தெஸ்ஸாவிடம் கொடுத்தாள். வாசல் வரை போய்விட்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

“அம்மா, எடது பக்கம் மொதல்ல குடுக்கணும். வலது மொதல்ல குடுத்தா மூஞ்சியத் திருப்பிப்பான். வரப்போறவ கிட்டச் சொல்லிடுங்கம்மா.”

“சொல்றேன்” என்றேன்.

அவள் குனிந்து அவன் காதில் தன் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாள். எப்போதும் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வரப்போகிறவள் என்று யாரும் இல்லை. அதைத்தான் உங்களிடம் விளக்க வேண்டும்.

அதற்கு முந்திய வாரம் உங்களிடம் வந்து ஒரு பொட்டலம் வாங்கிப் போனேன், நினைவிருக்கிறதா? பெத்லகேம் குகையில் மாதாவின் பால் சிந்திய இடத்து வெண்மண். பால் வற்றியவளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் சுரக்கும் என்று நீங்கள் கொடுப்பது. யாருக்கு என்று கேட்டீர்கள். சொந்தக்காரி ஒருத்திக்கு என்றேன். மூன்று முறை அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக் குடிக்கச் சொன்னீர்கள். நான் ஒன்பது முறை சொன்னேன்.

மார்த்தா போன அன்று மதியம் என் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, அதே நீலத் துணியைப் போர்த்திக்கொண்டு, அவனை மார்பில் வைத்தேன். இடது பக்கம்தான் முதலில் கொடுத்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்தேன்.

முதல் நாள் இழுத்துப் பார்த்தான், அழுதான், மறுபடி இழுத்தான். வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. வலித்தால் வரும் என்று பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். தேனும் தண்ணீரும் கலந்து துணி முனையில் தொட்டு வைத்தேன், அவன் முழுக்கப் பட்டினி இல்லை. தெஸ்ஸா ஆட்டுப்பால் கொண்டுவந்து கதவைத் தட்டினாள். வேண்டாம் என்றேன். ஆட்டுப்பால் குடித்தால் என்னிடம் வரமாட்டான்.

இரண்டாம் நாள் தெஸ்ஸா கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, வத்துன கிணத்துல வாளிய விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. பிள்ளை என்ன பண்ணும்? கதவத் தெறங்க. என்னை அடிங்க, வெளிய தள்ளுங்க, எது வேணா பண்ணுங்க. அவனக் குடுங்க.”

நாற்பது வருடம் எங்கள் குடும்பத்தில் இருந்தவள், என் தாய்வீட்டிலிருந்து என்னோடு வந்தவள், என்னைக் கிணறு என்று சொன்னாள். இன்னொரு தேக்கரண்டி பொடியைக் கலந்து குடித்தேன். சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சுண்ணாம்புதான் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், ஏமாந்துபோன ஒரு பெண், நம்பிக்கையால் வந்த வினை என்று தோன்றும். உங்கள் முகத்திலும் அதுதான் தெரிகிறது. அப்படியே நான் நிறுத்திக்கொண்டால் பத்து ஜெபமாலையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். ஆனால் பிழை திருத்த வந்தவள் பிழையோடு போகக் கூடாது. மூன்றாம் நாளைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை தெஸ்ஸா யாரையோ கூட்டிவந்தாள். அடுத்த தெரு வண்டிக்காரன் மனைவி. இரண்டு மாதத்துக்கு முன் பிள்ளை பெற்றவள், இரண்டு பிள்ளைக்குப் போதும் அவளிடம். நான் கதவைக் கொஞ்சம் திறந்தேன். திறக்க வேண்டும் என்றுதான் திறந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு மேலே கணக்கு எழுதுபவர்களுக்குச் சொல்லுங்கள். அவனை அவளிடம் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அந்த நிமிடம் எனக்கு வந்திருந்தது. அவன் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் தோளில் ஈரத்துணி மாதிரி கிடந்தான்.

அந்தப் பெண் பெரிய குரல்காரி. “எங்க என் ராசா? எங்கடா கண்ணு? அத்தைகிட்ட வா” என்றாள்.

அவன் தலையைத் தூக்கினான், சாமி. எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. கழுத்து நடுங்க நடுங்க, என் தோளைத் தாண்டி, கதவுப் பக்கம் திரும்பினான். மார்த்தாவைப் பார்த்தானே, அதே பார்வை. யார் என்றே தெரியாத ஒரு வண்டிக்காரன் மனைவிக்கு. பால் இருந்தால் யாராக இருந்தாலும் போதும் அவனுக்கு.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். மேலே இருந்த சிறிய குமிழையும் திருகினேன். எனக்குப் பால் வராது என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இதுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் நடந்தவை.

நான்காம் நாள் அவன் அழவில்லை. அழாத குழந்தையை வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு அமைதி என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அன்றும் அடுத்த நாளும் நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம், படத்தில் இருப்பது போலவே. நான் பாடினேன். அவன் கேட்டான். ஆறாம் நாள் விடிந்தபோது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வேறெங்கும் இல்லை, என்னை. கதவு தட்டும் சத்தத்துக்குத் திரும்பவில்லை. மணியடித்ததற்குத் திரும்பவில்லை. கண் கொட்டாமல் பார்த்தான். தெஸ்ஸா ஆளை வைத்துக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்து, தன் விரலால் அவன் இமையை மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

காய்ச்சல் என்று சொன்னோம். கோடையில் குழந்தைகள் காய்ச்சலில் போவது நம் ஊரில் புதிதல்ல. நீங்கள் வந்து மந்திரித்து அடக்கம் செய்தீர்கள். தெஸ்ஸா தன் ஊருக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. போன வருடம் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

திரும்பி வந்த என் கணவர், அநாதை இல்லத்து வாசலில் அவனை வைக்க இருந்த அதே மனிதர், தொட்டிலைப் பார்த்து மாடு மாதிரி அழுதார். அந்தப் படத்தை வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்று உங்களுக்குக் கொடுத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள் இடப்பக்கப் பீடத்தில் மாட்டினீர்கள். பால் வற்றிய பெண்கள் வர ஆரம்பித்தார்கள். யார் கிளப்பிவிட்டதோ, படத்தின் கீழ்ச்சட்டத்தில் இருக்கும் வெள்ளைப் பூச்சைச் சுரண்டித் தண்ணீரில் கலந்து குடிக்கிறார்கள். போன மாதம் ஒருத்திக்குச் சுரந்தது என்று நீங்களே மணியடித்தீர்கள். என் முகத்துக்கு முன்னால் மண்டியிட்டு, என்னிடம் பால் கேட்கிறார்கள். மேலே இருந்துகொண்டு நான் அவர்களைப் பார்ப்பதில்லை. எனக்கு என் மகனைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது.

நானும் தினமும் வருகிறேன். ஏழடி தள்ளி, கொஞ்சம் இடப்பக்கமாக, விரிசல் விட்ட ஒரு தரைக்கல் இருக்கிறது. அதன் மேல் நிற்பேன். பக்தியுள்ளவள் என்று வழி விடுகிறார்கள். அங்கே நின்றால் அவன் என்னை நேராகப் பார்க்கிறான். முன்பு மார்த்தாவைப் பார்த்தான், சரி. அந்த ஆறாம் நாளிலிருந்து அவன் பார்ப்பது என்னைத்தான். இதைத்தான் நீங்கள் பிரசங்கத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். பாவிகளை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

அழுகிறீர்கள். உங்கள் ஜெபப் புத்தகம் கீழே விழுந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் என்ன பெயர் வைப்பது என்பது உங்கள் வேலை. பாவமன்னிப்பு தருகிறேன், ஆனால் ஒன்று செய்தாக வேண்டும் என்கிறீர்கள். அந்தத் தாய் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அவளுக்குச் செய்தி சொல்ல வேண்டும். கோயிலின் தர்ம சபைக்காரர்கள் மூலம் அவளை மீட்டுக் கொண்டுவந்து, பிள்ளையின் பெயரால் ஒரு பூசை வைக்க வேண்டும். அவள் இரண்டு கிறிஸ்துமசாக, திரும்பி வரலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்கிறீர்கள்.

இருக்கலாம். அவள் சொன்னதை நம்புகிற ரகம்தான்.

எனக்கு ஊர் தெரியும். துறைமுகம். தெருவும் தெரியும், வாங்கியவர் பெயரும் தெரியும். இரண்டு நாள் பயணம். மன்னிப்பு இல்லாமல் இங்கிருந்து எழுந்து போனால் பாஸ்காத் திருநாளன்று எனக்கு நற்கருணை கிடையாது, செத்தால் எங்கே போவேன் என்பதும் தெரியும். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் நடுங்கியது, எனக்காகத்தான் என்று புரிகிறது. நன்றி.

வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள். உபவாசம் இருக்கிறேன், முழங்காலால் நடக்கிறேன், இதையெல்லாம் என் கணவரிடமும் போய்ச் சொல்கிறேன். இதை மட்டும் சொல்ல மாட்டேன், சாமி. அவள் வந்து அந்தக் கல்லின் மேல் நின்றால், அவன் அவளைப் பார்ப்பான்.